கோணித்தோட்டத்துச் செத்தவர்கள்

கோணித்தோட்டத்திலிருந்து ரோட்டைக் கடக்க ஒரே சுலபமான வழி செத்துப்போவதுதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தால் காத்துக் கிடக்க வேண்டும். செத்துப்போனால் மேளம் அடித்து, பூ இறைத்து, அத்தனை வண்டியும் ஒதுங்கி நிற்க, ராஜா மாதிரி அந்தப் பக்கம் போய்விடலாம்.

எங்கள் பேட்டை வடசென்னையில் கால்வாய் ஓரம் இருக்கிறது. ஒரு காலத்தில் துறைமுகத்துக்குக் கோணிப்பை தைத்துக் கொடுத்த இடம். பின்னால் கால்வாய், இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர், முன்னால் நில்லாச் சாலை. பிரசவ ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு, நாங்கள் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போகும் அடுக்குமாடிகள், எல்லாமே சாலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கம் நாங்கள் மட்டும்தான்.

நில்லாச் சாலை என்பது மேலிடத்தில் வைத்த பெயர். அதில் ஓடும் வண்டி எதற்கும் ஓட்டுநர் கிடையாது, சிக்னலும் கிடையாது. நகரத்தின் மொத்த வண்டிகளையும் வலவன் என்ற ஒரே இயந்திர மூளை ஓட்டுகிறது. தேரோட்டிக்குப் பழைய தமிழில் அதுதான் பேராம். பேர் வைப்பதில் மட்டும் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரோட்டோரம் நெடுக ஆள் உயரத்துக்கு எஃகுத் தகடுகள் நிற்கும். வலவன் வண்டிகளை நிறுத்தினால் தகடு தரைக்குள் இறங்கும், நாங்கள் கடக்கலாம். இல்லையென்றால் தகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். முன்பு இருந்த நடைமேம்பாலத்தை, இனிமேல் இது எதற்கு என்று கேட்டுப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வலவன் எப்போது நிறுத்தும் என்பது நிவேதன் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சமையல் வேலை செய்யும் வீட்டுக்காரர் அவர். வலவனை நடத்தும் நிறுவனத்தில் பொறியாளர். தனியாள், நல்ல பையன். தோசை முறுகலாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஒருநாள் நான் தாமதமாகப் போய் நின்றபோது சிரித்தார்.

"என்ன ரெஜினாக்கா, இன்னிக்கும் ரோடா?"

"ரோடுதான் சார். வெய்யில்ல காஞ்சி கருவாடா போனோம். உங்க வலவனுக்குக் கண்ணே இல்லியா?"

"கண்ணு இருக்கு. கணக்கும் இருக்கு, அதான் பிரச்சனை" என்று மேசையில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு ஆளோட நிமிஷத்துக்கும் அது ஒரு விலை வச்சிருக்கு. அவங்க சம்பாத்தியத்தை வச்சுப் போட்ட விலை. வண்டியில போறவங்க நிமிஷத்தை ஒரு தட்டுல வைக்கும், ஓரமா நிக்கறவங்க நிமிஷத்தை இன்னொரு தட்டுல வைக்கும். நிக்கறவங்க தட்டு கனமானாதான் வண்டிய நிறுத்தும்."

"எங்க நிமிஷம் எவ்ளோ கனம்?"

அவர் தட்டைப் பார்த்தார். "கொஞ்சம் லேசு."

"இன்னா லேசு?"

"ஒரு பெரிய காரை நிறுத்தணும்னா உங்க தெருவே வந்து நிக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இந்தத் தோசை வேவுதே, இந்த நிமிஷம் என்னுதா, உங்குளுதா?" என்று கேட்டேன். அவர், அந்தக் கணக்கைத் தான் எழுதவில்லை என்று மட்டும் சொன்னார். தோசை கருகிவிட்டது. அதையே வைத்தேன், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் 'நிமிஷம் போடுவது' என்று ஒரு வழக்கம் வந்தது. கல்யாணத்துக்கு மொய் வைப்பது மாதிரிதான். யாராவது அவசரமாகப் போக வேண்டுமென்றால் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடிப்பார்கள். போக வேண்டியவர், வேண்டாதவர், காய்ச்சலில் கிடந்தவர்கூட எழுந்து வந்து தகட்டோரம் நின்று தன் நிமிஷத்தைப் போடுவார். நேற்று உன் பையனின் பரீட்சைக்கு நான் வந்து நின்றேன், இன்று என் அம்மாவின் கண் ஆஸ்பத்திரிக்கு நீ வா. தகடு இறங்கியதும் ஒருவர் மட்டும் கடந்து போவார், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்புவார்கள். அப்படி எங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கித்தான் காலத்தை ஓட்டினோம்.

சாவுக்கு மட்டும் தட்டே அடிக்க வேண்டாம். எங்கள் தெருவில் சாவு மேளக்காரர் தேசிங்கு அண்ணன் இருக்கிறார். அவர் செட்டு மேளத்தை எடுத்து அடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே தகடு இறங்கி, வண்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும். இது எப்படி என்று நிவேதன் சாரைக் கேட்டேன்.

"அது பெரிய கூத்துக்கா" என்றார். "வலவனுக்கு யாரும் உட்கார்ந்து விதி சொல்லித் தரலை. இந்த ஊரு ரோட்டுல பல வருஷமா எடுத்த கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க. அது சொன்னதைக் கத்துக்காது, பார்த்ததைத்தான் கத்துக்கும். அந்தப் படத்துல எவ்வளவு பெரிய ஆளோட வண்டியா இருந்தாலும் சாவுக்கு நின்னுச்சு, அதனால இதுவும் நிக்குது. இன்னொண்ணு, செத்தவங்களுக்கு நிமிஷம் ஏது? நிமிஷம் இல்லாட்டி விலை போட முடியாது. தராசு அப்படியே நின்னுடும். தராசு நின்னா வண்டியும் நின்னுடும்."

அது எங்கள் ஊர்ப் பழக்கத்தை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தது என்றால், பொம்பளைகள் பிணத்தோடு தெருமுனையைத் தாண்ட மாட்டார்கள் என்பதுகூட அதற்குத் தெரியும். ஒருமுறை பூக்காரம்மா செத்தபோது அவள் பெண்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே ரோடு வரை வந்துவிட்டார்கள். இறங்கிய தகடு பாதியில் நின்றது. அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் முழுசாக இறங்கியது. பெண்கள் இருந்தால் அது சாவில்லை, வேறு ஏதோ ஊர்வலம் என்று வலவனுக்கு நினைப்பு.

இனி அமுலுவின் விஷயத்துக்கு வருகிறேன். அமலோற்பவம் என் தங்கை, கூப்பிடுவது அமுலு. அதே தெருவில் டில்லிபாபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. அவளுக்கு நிறைமாதம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் காலையிலேயே கடந்து போய்விட்ட பிறகு அவளுக்கு வலி எடுத்தது. அன்று பார்த்து எனக்கு விடுமுறை, அது ஒன்றுதான் அன்று நடந்த நல்லது.

வலி வந்தால் நிமிஷம் போட்டுக் கடத்திவிடலாம் என்று எல்லாம் பேசி வைத்திருந்தோம். வலி ராத்திரியில் வரும், தெரு முழுக்க ஆள் இருக்கும் என்று எங்கள் நினைப்பு. பகலில் தெருவில் யார் இருப்பார்கள்? கிழடுகளும் கைக்குழந்தைகளும் தேசிங்கு அண்ணன் செட்டும்தான். தட்டை அடித்தேன். வந்தவர்கள் தகட்டோரம் நின்றார்கள். கிழவர்களின் நிமிஷத்துக்கு வலவன் என்ன பெரிய விலை போட்டிருக்கும்? தகடு அசையவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், எங்கள் பக்கத்துக்கு நேர் வழி இல்லாததால் துறைமுகப் பாலத்தைச் சுற்றி வர வேண்டும், காத்திருங்கள் என்று இனிமையான குரலில் ஒரு இயந்திரம் சொன்னது.

அமுலுவின் மாமியார் கன்னியம்மா அத்தை உள்ளேயிருந்து வெளியே வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"ரெஜினா, பனிக்கொடம் ஒடஞ்சிடிச்சி. தண்ணி பச்சையா வருது."

எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். உள்ளே குழந்தை மூச்சுக்குத் திண்டாடுகிறது. ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரே இருக்கிறது, தகட்டு இடுக்கு வழியாக அதன் வாசலில் ஒரு நர்ஸ் டீ குடிப்பது கூட எனக்குத் தெரிகிறது. நான் தகட்டைக் காலால் உதைத்தேன். பெருவிரல் நகம்தான் பெயர்ந்தது.

தேசிங்கு அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன். செருப்பால அடிக்கறதுன்னா அடி."

"சொல்லுண்ணே."

"பாட எங்கிட்ட ரெடியா கீது."

கன்னியம்மா அத்தைதான் முதலில் பாய்ந்தார்.

"அட நாசமா போறவனே! புள்ளத்தாச்சி பொணம் போறதப் பாக்கவே கூடாதுன்னு கதவ சாத்தறோம். அவள பாடையில ஏத்தச் சொல்றியா? என் வூட்டு வாரிசுடா அது!"

"அந்த வாரிசு வெளிய வரணும்ல அத்தை?" என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் இப்படித் தெருவில் வாதாடிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அமுலுவின் குரல் கேட்டது.

"ஏத்துங்க."

போய்ப் பார்த்தேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முடியெல்லாம் வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி.

"உயிரோட நின்னா வழி உடமாட்டான், செத்தா உடுவான், அவ்ளோதானே? நான் செத்துட்டேன். ஏத்துக்கா. நீ மட்டும் என் கைய உட்றாத."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தேசிங்கு அண்ணனின் பாடை இரும்புக் குழாயில் செய்தது, மேலே பச்சை ஓலை பின்னியிருக்கும். அதில் எங்கள் வீட்டுத் தலையணைகளைப் போட்டோம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். அமுலுவின் முகத்தில் பூசினார், நெற்றி நிறையப் பொட்டு வைத்தார், கையில் கண்ணாடி வளையல் அடுக்கினார். சுமங்கலிச் சாவுக்குச் செய்கிற அலங்காரம் அது. போன மாதம் வளைகாப்புக்கும் இதே மஞ்சளையும் வளையலையும்தான் அத்தை போட்டார். "என் தங்கம், கண்ண மட்டும் தொறந்துடாத" என்று சொல்லி அவள் வாயில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தார். கடித்துக்கொள்ள.

டில்லிபாபுவுக்குப் போன் போட்டு, அமுலுவுக்கு வலி, ஓடி வா என்று மட்டும் சொன்னோம். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

தூக்க நாலு பேர் வேண்டும். மேளம் அடிக்கிறவர்கள் போக இரண்டு கிழவர்களும் தேசிங்கு அண்ணனின் மச்சானும்தான் இருந்தார்கள். நான் டில்லிபாபுவின் சட்டையையும் லுங்கியையும் மாட்டிக்கொண்டு தலையில் துண்டைக் கட்டினேன். முன்பக்கம் அமுலுவின் கைக்கு எட்டும் மூலையில் தோளைக் கொடுத்தேன். பொம்பளை பாடை தூக்கியதை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தையும் மற்ற பெண்களும் தெருமுனையில் நின்றுகொண்டு மாரில் அடித்து அழுதார்கள். அந்த அழுகையில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மேளம் எழுந்தது. தேசிங்கு அண்ணன் அப்படி அடித்து நான் கேட்டதில்லை. தெருமுனை திரும்பினோம். தகடு சரசரவென்று இறங்கியது. அத்தனை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் தணிந்து நின்றன. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உயிரோடு போகும்போது அவர்கள் எங்களைப் பார்த்ததே இல்லை.

ரோட்டில் கால் வைத்ததும் அமுலுவுக்கு அடுத்த வலி வந்தது. வாயில் துணி இருந்தும் அவள் கத்தினாள். "அடிங்கடா!" என்று தேசிங்கு அண்ணன் கத்தினார். மேளம் அவள் குரலை விழுங்கியது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து எனக்கு ரத்தம் வந்தது. நடு ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்போது தகடுகள் முனகின. எங்களுக்குப் பின்னால் இருந்த தகடு மேலே எழ ஆரம்பித்தது. முன்னால் ஆஸ்பத்திரிப் பக்கத் தகடும் மெல்ல எழுந்தது. "ஊர்வலம் சரிபார்க்கப்படுகிறது" என்று எங்கிருந்தோ ஒரு குரல் சொன்னது. எனக்குப் புரிந்துவிட்டது. துண்டு கட்டினால் மட்டும் போதுமா? அதற்கு என் முகம் தெரியும், நான் பொம்பளை என்று தெரியும். இது சாவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தகட்டுக்கும் நடுவில், நின்ற வண்டிகள் புறப்படத் தயாராகிக்கொண்டிருக்கும் ரோட்டில், தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். கையை விட்டு ஓடிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. விடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் டில்லிபாபு வந்து நின்றான். துறைமுகத்திலிருந்து ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. மேளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாடைமேல் மஞ்சள் பூசிக் கண் மூடிக் கிடந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவன் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. எழுந்துகொண்டிருந்த தகட்டைத் தாண்டிக் குதித்து வந்து, பாடைக்கு முன்னால் தார் ரோட்டில் விழுந்து, மண்ணை வாரிக்கொள்ள மண் இல்லாமல் தரையில் கையால் அடித்தான். "என்ன உட்டு எங்கடி போற, என்ன உட்டு எங்கடி போற" என்று அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்லவும் முடியாது, வலவன் கேட்கும்.

தகடுகள் நின்றன. பிறகு இரண்டும் தரைக்குள் இறங்கின. அத்தனை வருஷப் படத்தில் அந்த அழுகையை அது எத்தனை தரம் பார்த்திருக்கும். அதில் பொய் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் அவனை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் பாடையை இறக்கியதும் அமுலு கண்ணைத் திறந்து வாயிலிருந்த துணியைத் துப்பினாள்.

"யோவ், அழுவாத. போய் டாக்டரக் கூட்டியா."

டில்லிபாபு அப்படியே மயங்கி விழுந்தான். அவனுக்கும் சேர்த்து ஒரு ஸ்ட்ரெச்சர் கொண்டுவர வேண்டியிருந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பிறந்து சற்று நேரம் அது அழவேயில்லை. பிறகு அழுதது, நாங்களும் அழுதோம். பெண் குழந்தை. ஜீவா என்று பேர் வைத்தார் அத்தை.

ஒரு தடவை கடந்த வழியை எங்கள் ஜனம் விடுமா? மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டு வேலைக்காரர்கள், கொத்தனார்கள் எல்லாரும் தேசிங்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்கள். காலையில் ஒரு சாவு, சாயங்காலம் ஒரு சாவு. பாடையில் படுப்பது முறை வைத்து மாறி மாறி வரும். வேலைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் தூங்கலாம் என்று அதற்குப் போட்டி வேறு. என் முறை வந்தபோது நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் உலுக்கி எழுப்பினார்கள். பெண்களும் தெருமுனையைத் தாண்டி உடன் நடந்தோம். முதலில் தகடு முனகியது, பாதியில் நின்றது, பிறகு பழகிக்கொண்டது. நாங்கள் திரும்பத் திரும்பச் செய்ததை அதுவும் திரும்பத் திரும்பப் பார்த்ததே.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பாடையையும் நிறுத்தி, படுத்திருப்பவர் உடம்பில் சூடு இருக்கிறதா என்று சோதிக்கும்படி வலவனுக்கு விதி போட்டார்கள். அது முதலில் நிறுத்தியது எங்களை இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய மனிதர் வீட்டு ஊர்வலத்தை வெயிலில் நிறுத்தி வைத்து, உங்கள் அப்பா செத்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறது. அன்றைக்கே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள்.

சில மாதம் போயிருக்கும். ஒருநாள் தேசிங்கு அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, மேளம் இல்லை. தட்டு அடித்து ஆள் சேர்க்கலாம் என்று நான் தனியாகத் தகட்டோரம் போய் நின்றேன். தட்டை இன்னும் தூக்கவில்லை. தகடு இறங்கியது. வண்டிகள் நின்றன. திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பயந்துகொண்டே கடந்தேன்.

நிவேதன் சாரிடம் சொன்னேன். அவர் கணினியைத் திறந்து ஏதோ தேடினார். வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"அக்கா, நீங்க செத்துட்டீங்க."

"சார்!"

"இல்லக்கா, வலவன் கணக்குல. பாடையில படுத்தவங்க முகத்தை எல்லாம் அது செத்தவங்கன்னு குறிச்சு வச்சிருக்கு. உங்க தங்கச்சி, தங்கச்சி புருஷன், அவங்க மாமியார், மேளக்காரர், கோணித்தோட்டத்துல அத்தனை பேரும். செத்தவங்க எழுந்து நடக்கறதை அது எங்கயும் பார்த்ததில்ல, அதனால என்ன செய்யறதுன்னு தெரியல. விலை போடப் பார்க்குது, நிமிஷம் இல்ல. தராசு நின்னுடுது."

"அய்யய்யோ, அப்ப ரேஷனு?"

"அது வேற துறை. அவங்களும் இவங்களும் பேசிக்கவே மாட்டாங்க."

நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. "நிறுவனம் கண்டுபிடிச்சுட்டா திருத்தச் சொல்லும்க்கா. ஆனா நாங்களா திருத்த முடியாது. ஒருத்தரைத் திரும்ப உயிரோட சேர்க்கணும்னா அந்த ஆளே நேர்ல வந்து, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லணும். அப்பதான் பழைய விலை திரும்பி வரும்."

"யாரு வந்து சொல்லுவாங்க சார்?"

அவர் கணினியை மூடினார். "நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

ஆனாலும் கண்டுபிடித்தார்கள். எங்கள் தெருமுனையில் பந்தல் போட்டு, நாற்காலி வைத்து, உயிர்ச்சான்று முகாம் நடத்தினார்கள். வாருங்கள், உயிரோடு இருப்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் காலையிலிருந்து கத்தினார்கள். ஒருவரும் போகவில்லை. மத்தியானம் கன்னியம்மா அத்தை மட்டும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி ஆசையோடு எழுந்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் செத்து ரொம்ப நாளாச்சிப்பா. டீ இருந்தா ஒண்ணு குடு."

டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருவில் உயிரோடு இருந்தது ஜீவா ஒருத்திதான். சம்பாத்தியம் இல்லாத பிள்ளை, சேரிப் பிள்ளை. இந்த நகரத்திலேயே மலிவான நிமிஷம் அவளுடையது. நாங்கள் தூக்கிக்கொண்டு போனால் ரோடு நிற்கும். நாளைக்கு அவள் தனியாகப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? ஒரே ஒரு தடவை அவளையும் பாடையில் படுக்க வைத்து எடுத்துவிடலாம் என்று டில்லிபாபு தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் மேல் தப்பில்லை, பிள்ளைமேல் ஆசைதான். அமுலு எழுந்து நின்றுவிட்டாள்.

"வவுத்துல இருக்கும்போதே ஒருவாட்டி பாடையில போய் வந்துட்டா. போதும். எம் பொண்ணு செத்துத்தான் ரோட்டத் தாண்டணுமா? உயிரோட நிப்பா. அவன் நிறுத்தட்டும்."

"அவன் எப்படி நிறுத்துவான்?" என்றான் டில்லிபாபு.

"பாத்ததத்தான கத்துக்கும்? காட்டுவோம்."

காட்டினோம். ஜீவா தவழ்ந்த நாளிலிருந்து, யார் கடந்தாலும் அவளை முன்னால் விட்டோம். செத்தவர்கள் நாங்கள் பின்னால் நின்றோம். அவள் நின்றாள், ரோடு நின்றது. மழையில், வெயிலில், திருவிழாவில், அடுக்குமாடிக்காரர்கள் வேலைக்கு ஓடும் நேரத்தில். வேண்டுமென்றே அவர்கள் ஓடும் நேரத்தில்தான் அதிகம் நின்றோம், அதை மறைக்க மாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் பல்லைக் கடித்தார்கள். நாங்கள் கையசைத்தோம்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. முதல் நாள். தெரு முழுக்கத் திரண்டு வந்தோம், பிறகு தகட்டின் கண்ணுக்கு எட்டாதபடி கிடங்குச் சுவருக்குப் பின்னால் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டோம். அமுலு குழந்தையின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, கடைசி ஆளாகப் பின்னால் வந்தாள். அவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

தகட்டுக்கு முன்னால் ஜீவா தனியாக நின்றாள். அவள் உயரம் தகட்டில் பாதி கூட இல்லை. அந்தப் பக்கம் வண்டிகள் சீறிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தகடு அசையவில்லை. அவள் எங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தாள், நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. அவள் திரும்பவும் தகட்டைப் பார்த்துக்கொண்டு, தினமும் நிற்கிற மாதிரியே, நின்றாள்.

தகடு இறங்கியது.

எதிர்ப்பக்கம் நிவேதன் சார் நின்றிருந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ரோடு நெடுக வண்டிகள் நின்றன, மேளம் இல்லை, பூ இல்லை, பாடை இல்லை.

தேசிங்கு அண்ணன் சுவருக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில், "போ கண்ணு" என்றார்.

ஜீவா முன்னால் நடந்தாள். செத்தவர்கள் நாங்கள் பின்னால் போனோம்.